குறியில்லாக் காசும் தனிக் காசா?

காசு சேர்க்கும் பழக்கம் உள்ளவர்கள் நம் வகுப்புகளில் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்குள் அடிக்கடி எழும் வழக்கு ஒன்று உண்டு. இரண்டு ஒரு ரூபாய்க் காசுகள். ஆண்டு ஒன்று, உலோகம் ஒன்று, அளவும் ஒன்று. ஒன்றில் ஆண்டு எண்ணுக்குக் கீழே கடுகு போல ஒரு சாய்சதுரம் தெரிகிறது. மற்றதில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. ஏட்டில் இவற்றுக்கு ஓர் அறையா, இரண்டு அறையா? "இல்லாத ஒன்றை வைத்து எப்படி வேறுபாடு சொல்வது?" என்பாள் ஒருத்தி. "இல்லாமையே ஓர் அடையாளந்தானே!" என்பாள் இன்னொருத்தி.

இதற்கு விடை காண, குறி எதற்காகத் தோன்றியது என்பதை முதலில் அறிய வேண்டும். பொன்னாலும் வெள்ளியாலும் காசு அடித்த நாளில் அதன் மதிப்பு எடையிலும் மாற்றிலும் இருந்தது. எடையோ மாற்றோ குறைந்தால் எந்த நாணயச்சாலையில் அடித்தது, யார் பொறுப்பு என்று கேட்க வேண்டுமல்லவா? அதற்காகவே ஒவ்வொரு சாலையும் தனக்கென ஒரு சிறு குறியைப் பொறித்தது. சாலை ஒன்றே ஒன்றுதான் என்றால் குறிக்குத் தேவையில்லை. ஒற்றைப் பிள்ளை உள்ள வீட்டில் "மூத்தவளா, இளையவளா?" என்று யாரும் கேட்பதில்லை.

நம் நாட்டில் இன்று நான்கு நாணயச்சாலைகள் இருக்கின்றன. மும்பைக்குச் சாய்சதுரம், ஐதராபாத்துக்கு ஐந்துமுனை நட்சத்திரம் (முன்னாளில் அதற்கு வேறு வடிவங்களும் இருந்தன), 1988-இல் காசு அடிக்கத் தொடங்கிய நொய்டாவுக்கு வட்டப் புள்ளி. நான்காவதான கல்கத்தாச் சாலை எல்லாவற்றிலும் மூத்தது. 1757-ஆம் ஆண்டிலிருந்து அதன் வரலாறு தொடங்குகிறது. 1952 முதல் அது அலிப்பூரில் இயங்குகிறது. பொதுப் புழக்கத்துக்கு அது வெளியிடும் காசுகளில் குறி இடும் வழக்கம் இல்லை. ஆகவே நம் காலத்து ரூபாய்க் காசில் அந்த இடம் வெறுமையாக இருந்தால், "நான் கல்கத்தாவில் பிறந்தேன்" என்று அது சொல்வதாகவே பொருள். இத்தகைய காசைத் தனி வகையாகக் கொள்வதே முறை. அதற்குத் தனி அறை தாராளமாகக் கொடுக்கலாம்.

சென்னையிலும் ஒரு சாலை இருந்தது, 1869-இல் மூடப்பட்டது. தங்கசாலைத் தெரு என்று நாம் இன்றும் சொல்லும் பெயர் அதிலிருந்து வந்ததே. அங்கே துணி வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேர் இதை நினைக்கிறார்கள்?

ஒரு விதியைக் கற்றதும் அதை எல்லாக் காலத்துக்கும் நீட்டிவிடக் கூடாது. புள்ளி என்றால் நொய்டா என்பது 1988-க்குப் பின்வந்த காசுகளுக்கே பொருந்தும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் காலத்து வெள்ளி ரூபாயில் அடிப்பக்கத் தாமரைக்குக் கீழே புள்ளி இருந்தால் அது பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. நொய்டாவில் சாலை அமையப் பல்லாண்டுகளுக்கு முன்பே இந்தப் புள்ளி இருந்திருக்கிறது! மேலும், தேவை மிகுந்தபோது நம் அரசு வெளிநாடுகளிலும் காசு அடித்து வாங்கியது. 1985-ஆம் ஆண்டு ஒரு ரூபாய்க் காசு சிலவற்றில் ஆங்கில எழுத்து 'எச்' காணப்படுவது இங்கிலாந்தின் ஹீட்டன் சாலையைக் குறிக்கும்.

அமெரிக்கக் காசுகளைப் பார்த்தால் நம் கேள்வி இன்னும் சுவையாகிறது. அங்கே 1792-இல் பிலடெல்பியாவில் சாலை ஏற்பட்டது. 1838-இல் கிளைச் சாலைகள் காசு அடிக்கத் தொடங்கியபோது, கிளைகளே குறி இட்டன, தாய்ச்சாலை இடவில்லை. ஆனால் காசு சேர்ப்போர் நெடுங்காலம் இதைப் பொருட்படுத்தவில்லை. ஆண்டுக்கு ஒரு காசு கிடைத்தால் போதும் என்றிருந்தார்கள். 1893-இல் அகஸ்டஸ் ஹீட்டன் என்பவர் சாலைக் குறிகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதிய பிறகே, குறியுள்ளதும் குறியற்றதும் வெவ்வேறு என்ற எண்ணம் பரவியது. (மேலே சொன்ன ஆங்கிலேய ஹீட்டன் வேறு, இவர் வேறு.)

1942-இல் பிலடெல்பியாவும் முதன்முறையாகக் குறி இட்டது. போர்க்காலத்தில் நிக்கல் உலோகத்தை மிச்சப்படுத்த ஐந்து சென்ட் காசில் 35 விழுக்காடு வெள்ளி சேர்த்தார்கள். பின்னால் எளிதில் பிரித்தெடுக்கப் பெரிய 'பி' எழுத்தைப் பொறித்தார்கள். இதற்கு நேர்மாறு 1965-இல் நடந்தது. காசுத் தட்டுப்பாட்டுக்குச் சேர்ப்போரும் ஒரு காரணம் என்று கருதி, 1965, 1966, 1967 என்ற மூன்று ஆண்டுகளில் எந்தச் சாலையும் குறியே இடவில்லை. இக்காசுகளில் வெறுமையான இடம் ஒன்றுமே சொல்வதில்லை. பிலடெல்பியாவா, டென்வரா என்று நாம் ஊகிக்கவும் வழியில்லை. எனவே அந்த ஆண்டுகளுக்கு ஓர் அறைதான்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. ஏமாற்றம் நிகழும் இடம் இதுவே. 1922-இல் அமெரிக்க ஒரு சென்ட் காசு டென்வரில் மட்டுமே அடிக்கப்பட்டது. அப்படியிருந்தும் அவ்வாண்டுக் காசு சிலவற்றில் 'டி' குறி இல்லை. அச்சு தேய்ந்ததும், அதைச் சீராக்கத் தேய்த்து மெருகிட்டதுமே காரணம். சாலைக்குள் நேர்ந்த பிழை ஆகையால் இவை மெய்யாகவே அரியவை, விலையும் மிகுதி. விலை மிகுதி என்றதும், சாதாரணக் காசிலிருந்து குறியைச் சுரண்டி எடுப்போர் கிளம்பிவிட்டார்கள்.

நம் ஊர்க் கண்காட்சிகளிலும் "குறி இல்லாத காசு, பாப்பா! அபூர்வம்!" என்று சொல்லிப் புழக்கத்திலுள்ள இரண்டு ரூபாய்க் காசை நூறு ரூபாய்க்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். பண்டிகைக்குக் கிடைத்த பணத்தைக் கொடுத்து வாங்கிவந்த பிள்ளையை நான் அறிவேன். பெற்றோரும் இதைக் கவனிக்க வேண்டும். கல்கத்தாக் காசு தனி வகைதான், ஆனால் அபூர்வமானதன்று. அதே காசு நாளைக் காலை பால்காரர் தரும் சில்லறையில் வந்து சேரலாம். தனி அறைக்குத் தகுதி பெறுவது வேறு, தனி விலைக்குத் தகுதி பெறுவது வேறு.

ஐயம் வந்தால் பூதக்கண்ணாடியை எடுங்கள். ஆண்டு எண்ணின் கீழ்ப்பகுதியைச் சாய்த்து, வெளிச்சத்தில் பாருங்கள். சுற்றுப்புறமும் அந்த இடமும் ஒரே பளபளப்பாக இருந்தால் இயல்பான வெறுமை. அங்கு மட்டும் பள்ளமோ கீறலோ இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். எண்ணும் எழுத்தும் சேர்ந்தே மழுங்கியிருந்தால், புழங்கித் தேய்ந்த காசு. அதில் முன்பு குறி இருந்திருக்கவும் கூடும். தயவுசெய்து புளி போட்டுத் துலக்கிப் பார்க்காதீர்கள். குத்துவிளக்குக்கு நல்லதுதான், காசில் மிச்சமிருக்கும் சான்றையும் அது அழித்துவிடும்.

ஏட்டில் எழுதும்போது முதல் வகைக்கு "குறி இல்லை – கல்கத்தா" என்று எழுதுங்கள். அமெரிக்காவின் 1965 முதல் 1967 வரையுள்ளவற்றுக்கு "குறி இடப்படவில்லை" என்று எழுதுங்கள். தேய்ந்த காசுக்கு "குறி தெரியவில்லை" என்றே எழுதுங்கள். அதைக் கல்கத்தாவின் அறையில் வைக்க வேண்டாம். தெளிவான ஒன்று கிடைக்கும்வரை அந்த அறை காலியாக இருக்கட்டும்.