வெளிச்சம் நஞ்சைப் பார்க்குமா? ஏற்காடு காப்பியை வைத்து ஒரு ஸ்பெக்ட்ரோஸ்கோபி பாடம்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடிட்டு இருக்கீங்களா? 'தானியத்தில் உள்ள பூஞ்சை நஞ்சை ஸ்பெக்ட்ரோஸ்கோபி மூலம் கண்டுபிடித்தல்' உங்க லிஸ்ட்ல இருக்க வாய்ப்பு அதிகம். ஐடியா சிம்பிள்தான். தானியத்து மேல வெளிச்சம் அடிக்கணும், திரும்பி வர்றதை அளக்கணும், அதை ஒரு மாடலுக்குக் கொடுக்கணும். ஆனா அந்த வெளிச்சம் உண்மையில எதைப் பார்க்குது? முதல்ல இதுக்கு பதில் தெரிஞ்சுக்கணும்.

விஷயம் சின்னது இல்ல. 1974ல் குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தாங்க. காரணம், அஃப்ளடாக்சின். 1987ல் காஷ்மீர் பள்ளத்தாக்கில் மழையில் நனைந்த கோதுமையால் நிறைய பேருக்கு வயிற்றுக் கோளாறு வந்தது.

நம்ம பக்கத்து கேஸ்: காப்பி

சேர்வராயன் மலையில கோதுமை கிடையாது, காப்பி இருக்கு. 1820களில் சேலம் கலெக்டரா இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டுக்குக் கொண்டுவந்த பயிர் இது. இங்க அரபிகா பழம் பறிக்கிற சீசனும் வடகிழக்குப் பருவமழையும் கிட்டத்தட்ட ஒண்ணா வரும். களத்துல காயப்போட்ட காப்பி மேல மழை, பனிமூட்டம் ரெண்டும் இறங்கும். காய்றது தள்ளிப்போனா ஆஸ்பெர்ஜிலஸ் இனப் பூஞ்சைகள் வளர்ந்து 'ஆக்ரடாக்சின் ஏ' என்ற நஞ்சை உண்டாக்கலாம். இது சிறுநீரகத்தைப் பாதிக்கும். வறுத்தாலும் முழுசா அழியாது.

2023 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் வறுத்த காப்பிக்கு வரம்பு, கிலோவுக்கு 3 மைக்ரோகிராம். ஒரு லாரியில 10 டன் காப்பி இருந்தா, அதுல மொத்தமா 30 மில்லிகிராம் நஞ்சு இருந்தாலே வரம்பைத் தொட்டாச்சு. ஒரு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையை நினைச்சுக்கோங்க. அதுல பதினாறில் ஒரு பங்கு, ஒரு லாரி முழுக்கப் பரவியிருக்கு.

வெளிச்சம் எதைப் பார்க்குது?

அண்மை அகச்சிவப்புக் கதிர் 780 முதல் 2500 நானோமீட்டர் வரை. ஓ-ஹெச், சி-ஹெச், என்-ஹெச் பிணைப்புகள் இந்தக் கதிரை உறிஞ்சும். தண்ணீர் 1450, 1940 நானோமீட்டர் பக்கத்துல பலமா உறிஞ்சும். புரதம், கொழுப்பு, மாவுச்சத்து எல்லாத்துக்கும் அடையாளம் தெரியும். ஆனா நூறு கோடியில் மூணு பங்கு இருக்கிற நஞ்சு? அந்த சிக்னல் மத்த சத்துக்களின் சிக்னலுக்குள்ள மூழ்கிடும். மாடல் பிடிக்கிறது பூஞ்சை விட்டுப்போன தடத்தை: கரைஞ்ச கொழுப்பு, மாறின புரதம், கூடின ஈரம். தடம் இருந்தும் நஞ்சு இல்லாம இருக்கலாம். தடம் லேசா இருந்தும் நஞ்சு வரம்பைத் தாண்டலாம்.

"அப்போ புற ஊதாக் கதிர்?" நல்ல கேள்வி. ஆக்ரடாக்சின் சுமார் 333 நானோமீட்டர் கதிரை வாங்கி 460 பக்கத்துல ஒளிரும். லேப்ல ஹெச்.பி.எல்.சி. கருவி அளக்கிறது இந்த ஒளியைத்தான். ஆனா அங்க காப்பியை அரைச்சு, கரைச்சு, நஞ்சை மட்டும் பிரிச்செடுத்த பிறகுதான் வெளிச்சம் அடிப்பாங்க. பச்சைக் கொட்டையில இருக்கிற குளோரோஜெனிக் அமிலமும் ஒளிரும்; ரெண்டும் குழம்பிடும்.

மக்காச்சோளத்திலும் இதே கதைதான். புற ஊதா விளக்குல தெரியற பச்சை மஞ்சள் ஒளி அஃப்ளடாக்சினோடது இல்ல. அதே பூஞ்சை உண்டாக்கும் கோஜிக் அமிலத்தால வர்ற ஒளி அது. சந்தேகப்பட அது போதும், தீர்ப்பு சொல்லப் போதாது.

ப்ராஜெக்ட் செய்யறவங்க கவனிக்க

1. சென்சார் எதுவரை பார்க்கும்? விலை குறைந்த ஏ.எஸ்.7265எக்ஸ் சென்சார் 410 முதல் 940 நானோமீட்டர் வரைதான். தண்ணீரின் 1450 அதுக்குத் தெரியவே தெரியாது. அங்க போக இண்டியம் கேலியம் ஆர்சனைடு டிடெக்டர் வேணும்.

2. சாம்பிள் எப்படி எடுத்தீங்க? நஞ்சு மூட்டை முழுக்க சமமா இருக்காது, சில கொட்டைகளில் குவிஞ்சிருக்கும். மேலாக ஒரு கைப்பிடி எடுத்தா தவறிடும். பல இடத்துல எடுத்து, கலந்து, அரைச்சு, அதை ஸ்கேன் பண்ணுங்க. அதே பொடியில ஒரு பங்கை லேபுக்கு அனுப்புங்க.

3. டேட்டாவை மூட்டை வாரியாகப் பிரிங்க. ஒரே மூட்டையின் கொட்டைகள் ட்ரெய்னிங்லயும் டெஸ்ட்லயும் இருந்தா, மாடல் நஞ்சைக் கத்துக்காது, மூட்டையைக் கத்துக்கும்.

4. அக்யூரசியை மட்டும் காட்டாதீங்க. 100 சாம்பிளில் 2 கெட்டதுன்னா, "எல்லாம் நல்லது"ன்னு சொல்ற மாடலுக்கும் 98 சதவீதம் வரும்! அந்த ரெண்டையும் பிடிச்சதான்னு தனியா எழுதுங்க.

ரெண்டு பக்கத் தப்புக்கும் விலை உண்டு. நல்ல காப்பியைக் கெட்டதுன்னா, ஒரு சிறு விவசாயியோட வருஷ உழைப்பு போகும். கெட்டதை நல்லதுன்னா, குடிக்கிறவங்க உடம்புக்குப் போகும்.

அதனால என் பரிந்துரை இது. நஞ்சை நேரடியா கண்டுபிடிக்கிறோம்னு தலைப்பு வைக்காம, களத்துல காயும் காப்பியின் ஈரப்பதத்தை அளக்கும் கருவியைச் செய்யுங்க. தண்ணீரை அகச்சிவப்புக் கதிர் நேரடியாவே பார்க்கும், நம்பி அளக்கலாம். ஈரம் சீக்கிரம் 12 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, மறுபடி நனையாம இருந்தா, பூஞ்சையால நஞ்சை உண்டாக்க முடியாது. எந்தக் குவியல் பின்தங்குதுன்னு அன்னைக்கே தெரிஞ்சா, அதைக் கிளறி, பரப்பி, மழை வர்றதுக்கு முன்னாடி மூடிடலாம். லேப் ரிப்போர்ட் வர்ற வரை காத்திருக்க வேண்டாம்.