ஸூஷிக் கடையும் ஹலால் பேணுதலும்

வேலைக்கும் வியாபாரத்திற்கும் டோக்கியோ செல்லும் நம் சகோதரர்களுக்குப் பயணத்திற்கு முன்பே எழும் கேள்வி, அங்கே எதைச் சாப்பிடுவது என்பதுதான். "ஸூஷி மீன்தானே, மீன் ஹலால்தானே, தாராளமாகச் சாப்பிடலாம்" என்பர் சிலர். "பச்சை மீன் தின்னும் கடையை மிதிக்கவே கூடாது" என்பர் வேறு சிலர். இரண்டுமே விபரம் அறியாத பேச்சு. சட்டம் எங்கே நிற்கிறது என்பதைப் பார்ப்போம்.

மீனைப் பற்றி

மீனை அறுக்க வேண்டியதில்லை. பச்சையாக உண்பதும் ஹராம் அல்ல. சூரை, ஸால்மன், கானாங்கெளுத்தி ஆகியவை ஷாபிஈ, ஹனபி இரு மத்ஹபினருக்கும் ஆகும். கணவாய், பேய்க்கணவாய், சிப்பி ஆகியவை ஹனபிகளுக்கு ஆகா. இறால் விஷயத்தில் ஹனபி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

சோற்றைப் பற்றி

ஸூஷி என்பது பச்சை மீனின் பெயரன்று. காடியும் சர்க்கரையும் உப்பும் கலந்த சோற்றின் பெயர் அது. சோறில்லாமல் மீனை மட்டும் வைத்தால் அதற்கு 'ஸஷிமி' என்று பெயர். ஆகவே கவனம் மீனைவிடச் சோற்றின்மீதே இருக்க வேண்டும்.

காடி நல்ல தொடுகறி என்று ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் புகழ்ந்துள்ளார்கள். ஜப்பானியக் காடியோ, அரிசி முதலில் மதுவாகிப் பின்னர் புளித்துக் காடியாவது. மது காடியாக மாறிவிட்டால் ஹனபி மத்ஹபில் ஆகும்; அதனைத் தானாக மாறவிட்டாலும் சரி, மாற்றினாலும் சரி. ஷாபிஈ மத்ஹபிலோ தானாக மாறினால் சுத்தம். ஏதேனும் பொருளைப் போட்டு மாற்றினால் சுத்தமாகாது. தொழிற்சாலைக் காடி இதில் எந்த வகை என்பதை ஷாபிஈ சகோதரர்கள் தங்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து கொள்க.

மிரினைப் பற்றி

உண்மையான ஆபத்து 'மிரின்' என்னும் இனிப்புத் திரவத்தில் இருக்கிறது. அதில் சுமார் 14 சதவிகிதம் ஆல்கஹால் உண்டு. சில சமையற்காரர்கள் அதையோ 'ஸாகே' என்னும் அரிசி மதுவையோ சோற்றிலும் கலப்பதுண்டு. இனிப்பு முட்டை அடை, விலாங்கு மீனின்மேல் தடவும் குழம்பு, ஊறவைத்த ஸால்மன் முட்டை ஆகியவற்றில் இவை சேர்வது வழக்கம். "அடுப்பில் வைத்தால் ஆவியாகிவிடுமே" என்பது சரியான வாதமாகாது. முழுவதும் ஆவியாவதில்லை, மேலும் மது நஜீஸ் ஆகையால், அதை ஊற்றியதுமே உணவும் நஜீஸாகி விடுகிறது.

சோயாக் குழம்பு புளிக்கும்போது இயல்பாகவே சிறிதளவு ஆல்கஹால் உண்டாகிறது. பூசணம் பிடிக்காதிருக்கப் பலர் தனியாகவும் சேர்க்கிறார்கள். இதில் உலமாக்களின் கருத்து வேறுபடுகிறது. ஹலால் முத்திரையுள்ள சிறு புட்டி ஒன்றைக் கையோடு கொண்டு செல்வது பேணுதல்.

சுழலும் பட்டைக் கடைகள்

தட்டுகள் பட்டையில் சுழன்று வரும் கடை 1958ஆம் ஆண்டு ஒஸாகாவில் தோன்றியது. இவ்வகைக் கடைகள் சிலவற்றில் பன்றி இறைச்சித் துண்டு வைத்த ஸூஷியும் உண்டு. பொரித்த பண்டமானால், அதே எண்ணெயில் வேறு எது பொரிக்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது?

ஸூஷிக் கடையில் சமையற்காரர் நம் கண்ணெதிரே நின்று ஒவ்வொரு துண்டாகப் பிடித்துத் தருகிறார். கேட்பதற்கு இதைவிட வசதியான இடம் ஏது? "மிரின் ஹைத்தே இமாஸு கா?" என்றால், மிரின் சேர்ந்திருக்கிறதா என்று பொருள். பன்றி இறைச்சிக்கு 'புத்தானிக்கு' என்றும், மதுவுக்கு 'ஒஸாகே' என்றும் சொல்வர். முதலாளியோ உடன் வேலை செய்பவரோ விருந்துக்கு அழைத்தால், முன்னதாகவே சொல்லிவிடுவது மரியாதை. பரிமாறிய பின் மறுப்பதுதான் அழைத்தவருக்குச் சங்கடம்.

'முஸ்லிம் பிரண்ட்லி' என்ற பலகையும் ஹலால் சான்றிதழும் ஒன்றல்ல. முன்னது தொங்கும் கடையில் மதுவும் விற்கப்படலாம். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஆகவே மாலையில் மதுவுக்கென்றே கூடும் 'இஸகாயா' கடைகளைத் தவிர்த்து, பகலுணவு நேரத்தில் தனி மேஜையில் அமர்வது நலம். அங்கே வெறும் சோறு, ஸஷிமி, பச்சைத் தேயிலைத் தேநீர் இவற்றைக் கேட்டு வாங்கினால் சந்தேகம் பெரிதும் நீங்கும்.

பேணுதல் வேறு, வஸ்வாஸ் வேறு. மிரின் வழக்கமாகச் சேரும் பண்டத்தைப் பற்றி விசாரிப்பது பேணுதல். எந்த அடையாளமும் இல்லாத இடத்தில் கத்தியையும் பலகையையும் சந்தேகித்துப் பட்டினி கிடப்பது வஸ்வாஸ். சந்தேகமானதை விட்டுவிடுபவர் தமது தீனைக் காத்துக் கொண்டார். அதே வேளையில், ஆகுமானதைத் தன்மீது தானே ஹராமாக்கிக் கொள்வதும் தீன் அல்ல.

எந்த ஊரில் இருந்தாலும் ஹலாலான உணவையே தேடி உண்ணும் தவ்பீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.