தடிக்குள் கிடக்கும் ஆணிக்காக எவ்வளவு செலவழிக்கலாம்?

பெருங்கடவிளைப் பக்கம் மெட்டல் டிடெக்டர் என்றால் ஜனங்களுக்கு இரண்டு நினைப்புதான் வரும். ஒன்று, கோயிலிலும் கோர்ட்டிலும் நாம் நுழைந்து போகிற கதவுச் சட்டம். இன்னொன்று புதையல். தடி அறுக்கிற மில்லில் அது அன்றாடச் சாமான் என்பது தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். ஓடுகிற பேண்ட்சா வாளில் ஒரு மூன்று அங்குல ஆணி பட்டால் பல் தெறிக்கும், வாளில் கீறல் விழும், சில சமயம் வாளே அறுந்து சக்கரத்தை விட்டு வெளியே பாயும். தள்ளுவண்டியைப் பிடித்து நிற்கிறவனின் உயிர்ப் பிரச்சினை அது.

அதனால் கைக்கருவி இல்லாத மில் இப்போது குறைவு. பாறசாலையில் இருந்தும் எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளை, மார்த்தாண்டத்தில் இருந்தும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “அண்ணே, பழைய கருவியைத் தள்ளிவிட்டுப் புதுசு எடுக்கலாமா?” நான் திருப்பிக் கேட்பேன்: “நீ அறுக்கிறது என்ன தடி?”

ரப்பர்த் தடி மட்டும் அறுக்கிறவருக்கு ஒரு பதில். நம் பக்கத்து ரப்பர் மரம் இருபத்தைந்து முப்பது வருஷம் பால் கொடுத்துவிட்டு மில்லுக்கு வரும். அத்தனை வருஷமும் அதன் உடம்பில் இரும்பு ஏறிக்கொண்டே இருந்திருக்கும். பால் வடிய அடித்த தகரச் சில்லு, சிரட்டையைத் தாங்கக் கட்டிய கம்பி, மழைக்காலத்தில் பட்டைக்கு மேல் பிளாஸ்டிக் பாவாடை கட்டும்போது அடித்த ஸ்டேபிள் பின். கம்பியையும் சில்லையும் கழற்றாமல் விட்டால் மரம் அதை விழுங்கிவிடும். மேலே பட்டை மூடி, ஒன்றும் தெரியாது. ஆனால் இவை எல்லாம் எங்கே இருக்கும் என்பது நமக்குத் தெரியும்: பால் வெட்டிய இடத்தில், ஓர் ஆள் கைக்கு எட்டுகிற உயரத்துக்குள். அந்தத் துண்டைப் பட்டை உரித்துத் தடவினால் போதும். இதற்குப் பழைய கருவியே தாராளம்.

பட்டை உரிக்காமல் தடவினால் என்ன ஆகும்? ஸ்டேபிள் பின் ஒவ்வொன்றுக்கும் கருவி கத்தும். புதிய கருவி இன்னும் அதிகமாகக் கத்தும், ஏனென்றால் அதன் கூர்மை அதிகம். வாளுக்குத் தொந்தரவில்லாத பட்டையோரத்துப் பின்னுக்கும் உள்ளே கிடக்கிற கம்பிக்கும் வித்தியாசம் தெரியாமல் மில் ஆட்கள் சலித்துப்போய், கடைசியில் கருவியை ஆணியில் மாட்டிவிட்டுத் தடியை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். கூர்மை கூடினால் வேலை சுலபமாகும் என்பது கடைக்காரர் கணக்கு.

வீட்டுப் புரையிடத்துத் தடி வாங்குகிறவர் கதை வேறு. பிலாவு, அயனி, தேக்கு, மா என்று பழைய மரங்கள் வரும். ஊஞ்சல் கட்டிய கொக்கி, கொடிக்கயிற்று ஆணி, முள்வேலி, சாலையோரத்து மரமானால் டியூஷன் சென்டர் முதல் தேர்தல் வரை அடித்த பலகைகளின் ஆணி. எந்த உயரத்தில், எந்த ஆழத்தில் என்று யாராலும் சொல்ல முடியாது. ஐம்பது வருஷத்துக்கு முன் அடித்த ஆணிக்கு மேல் மரம் அரையடி வளர்ந்திருக்கும். இந்த ஆள்தான் நல்ல கருவியைப் பற்றி யோசிக்க வேண்டியவர். பெரும்பாவூர் பிளைவுட் கம்பெனிகளுக்கு ரப்பர் உருட்டு அனுப்புகிறவரையும் இதில் சேர்க்கலாம். அங்கே தடியைச் சுழற்றி மெல்லிய தோலாக உரிக்கிறார்கள். ஒரு சின்ன ஆணி நீளக் கத்தியின் விளிம்பைக் கெடுத்தால் அதன் பிறகு வரும் தோல் எல்லாம் கோடு விழும்.

கருவிக்கு முன்னால் கண் இருக்கிறது. பிலாவிலும் அயனியிலும் தேக்கிலும் இரும்பு கிடந்தால் மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கருநீலக் கறை ஓடும். தடியின் வெட்டுமுகத்தில் மை கொட்டியதுபோல ஒரு கோடு தெரிந்தால், அதே நேரில் தடியின் நீளத்தில் எங்கேயோ ஆணி உண்டு. எங்கள் மில்லில் தடவுவதற்கு முன் இரண்டு முகத்தையும் தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்ப்பது வழக்கம். ரப்பரில் இதை நம்பக்கூடாது. வெட்டின சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்து அதுவும் நீலம் பாயும்.

இனி புதிய கருவிகள். வளைகுடாவில் இருந்து வந்த மருமகன் மல்டி ஃபிரிக்குவன்சி டிடெக்டர் ஒன்று கொண்டுவந்தான். மைன்லேப் எக்வினாக்ஸ் 800. 2018 வாக்கில் சந்தைக்கு வந்த மாடல். தேடுகிற வளையமான காயில் பதினோரு அங்குலம், திரையில் எண் காட்டும், எண்ணைப் பார்த்து இரும்பா செம்பா என்று ஓரளவு ஊகிக்கலாம். “மாமா, இனி உங்க பழைய குச்சியைத் தூக்கிப் போடலாம்” என்றான். தடிமேல் வைத்துப் பார்த்தோம். ஆழத்தில் அது கெட்டி, சந்தேகமில்லை. என் கைக்கருவிக்குத் தெரியாத ஒன்றை பிலாவுத் தடிக்குள் அது சொன்னது. ஆனால் எங்கே என்று சுட்ட அதனால் முடியவில்லை. காயில் அகலம், தடியோ உருண்டை. ஓர் அடி நீளத்துக்குள் எங்கேயோ என்பதுவரை சொன்னது. உளி போட ஒரு புள்ளி வேண்டுமே! கடைசியில் ஒரு பலகை எடுத்துவிட்டு, அதே பழைய குச்சியால் தடவித்தான் இடத்தைப் பிடித்தோம்.

இதில் இயற்பியல் ஒன்றுதான். காயில் பெரிதானால் ஆழம் கூடும், சின்னச் சாமானும் சரியான இடமும் நழுவும். காயில் சிறிதானால் நேர்மாறு. சாமான் தள்ளிப் போகப் போக அதிலிருந்து திரும்பி வரும் சைகை படுவேகமாக இறங்கும். தூரம் இரட்டித்தால் பாதியாவதில்லை, ஏறக்குறைய அறுபத்து நான்கில் ஒரு பங்காகிவிடும். அதனால் விலை இரட்டிப்பானால் ஆழம் இரட்டிக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். கூடுதல் பணம் வேறு எதற்கோ போகிறது: மண்ணின் இரும்பைக் கழித்துக் காட்டுவது, உப்புத் தண்ணீரிலும் தடுமாறாமல் இருப்பது, உலோகங்களைப் பிரித்துச் சொல்வது. மணவாளக்குறிச்சிக் கருமணலில் நிற்கிறவனுக்கு அது பெரிய உதவி. அங்கே சாதாரணக் கருவி மணலுக்கே கத்தும். நம் வெட்டுக்கல் மண்ணிலும் கொஞ்சம் அப்படித்தான். தடிக்கு அதெல்லாம் வேண்டாம். தடியைக் குறுக்குக் கட்டைகள்மேல் தூக்கி வைத்தால் மண் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. இரும்பைத் தள்ளிவிட்டுக் காட்டும் வசதியோ நமக்கு ஆபத்து. நமக்கு வேண்டியதே இரும்புதானே. எந்தக் கருவி வாங்கினாலும் அந்த வசதியை அணைத்து வையுங்கள்.

தடவுகிற இடமும் முக்கியம். மில்லின் தண்டவாளத்துக்கும் மோட்டாருக்கும் பக்கத்தில் தடவினால் எவ்வளவு விலையுள்ள கருவியும் பொய் சொல்லும். 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு குண்டடி பட்டுக் கிடந்தபோது, டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல் தான் செய்த கருவியோடு போய்த் தேடினார். கட்டிலில் இருந்த எஃகு ஸ்பிரிங் கருவியைக் குழப்பியது. போதாததற்கு, குண்டு வலது பக்கம் என்று நம்பிய வைத்தியர் அந்தப் பக்கத்தை மட்டும் தேடவிட்டார். குண்டு இடது பக்கம் இருந்தது. தடியை உருட்டாமல் மேல்பக்கத்தை மட்டும் தடவிவிட்டு “கிளியர்” என்று கத்துகிற பையன்களிடம் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

சரி, மாற்றலாமா என்பதற்கு என் வழி இது. ஒரு பலகைத் துண்டில் ஓர் அங்குல ஆணி ஒன்றை முழுக்க இறக்குங்கள். அதன்மேல் முக்கால் அங்குலப் பலகைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, உங்கள் கருவி எந்த அடுக்கில் வாய் மூடுகிறது என்று பாருங்கள். புது பேட்டரி போட்டுப் பார்க்க வேண்டும். கருவி கிழடாகிவிட்டது என்று கொண்டுவந்து காட்டியவர்களில் பலருக்குப் பேட்டரிதான் கிழடு. பிறகு அதே பலகைகளைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. புதியது இரண்டு அடுக்காவது கூடுதலாகத் தாண்டாவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள். அசைக்காமல் வைத்தாலும் சத்தம் வருகிறதா என்றும் பாருங்கள். சில கருவிகள் காயில் ஆடிக்கொண்டிருந்தால்தான் பேசும், அவற்றை வைத்து இடம் குறிக்க முடியாது. அதிர்வு வசதி கட்டாயம். வாள் ஓடுகிற மில்லில் பீப் சத்தம் யார் காதில் விழும்?

இன்னொரு கணக்கு மில் நோட்டில் இருக்கிறது. தடவிய பிறகும் ஆணி பட்டுக் கெட்ட வாள்களை மட்டும் எண்ணுங்கள். தடவாமல் ஏற்றிக் கெட்டதைச் சேர்க்கக்கூடாது, அதற்குக் கருவி பொறுப்பில்லை. எங்கள் நோட்டில் பெரும்பாலானவை தடவாமல் ஏற்றியவை. அதற்கு மருந்து, ஏற்றுமுன் தடவுவதும், ஒவ்வொரு பலகை எடுத்த பிறகும் புதிதாகத் திறந்த முகத்தை மறுபடி தடவுவதும். செலவில்லாத ஆழம் அது: ஒவ்வொரு பலகை போகும்போதும் கருவி உள்ளே இறங்குகிறது. நான் புதிதாக எடுத்தது ஒன்றே ஒன்று, விரல் மொத்தத்தில் முனையால் குத்திக் காட்டுகிற பின்பாயின்டர். உளி போடுகிற வேலை பாதியாகக் குறைந்தது.

புதையல் தேட இரவல் கேட்டு வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1878-லேயே இந்தியப் புதையல் சட்டம் வந்துவிட்டது, கேரளத்துக்கு 1968-ல் தனிச் சட்டமும் உண்டு. கிடைத்ததை அதிகாரியிடம் தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால் வழக்கு. 2019-ல் கிளிமானூர்ப் பக்கம் ஒரு விவசாயிக்குத் திருவிதாங்கூர்ச் செப்புக்காசுக் குடம் கிடைத்தது கிழங்கு நட நிலம் கொத்தும்போது. 2024-ல் கண்ணூர் செங்ஙளாயியில் மழைநீர்க்குழி வெட்டிய தொழிலுறுதித் திட்டப் பெண்களுக்கு ரப்பர்த் தோட்டத்தில் தங்கமும் வெள்ளிக் காசும் கிடைத்தது. முதலில் வெடிகுண்டோ என்று பயந்தார்களாம். இரண்டு இடத்திலும் கருவி மண்வெட்டிதான். இதைச் சொன்னால் கேட்க வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள், என் பேட்டரியும் மிச்சம்.

புதியது எடுத்தாலும் பழையதை விற்க வேண்டாம். ஒன்றும் பெரிதாகத் தேறாது. தடி விலை பேசப் போகும்போது வண்டியில் கிடக்கட்டும். நிற்கிற மரத்தை வீட்டுக்காரர் முன்னாலேயே சுற்றித் தடவிக் காட்டினால், ஆணி கிடக்கிற நீளத்தை விறகுக் கணக்கில் சேர்த்து விலை பேசலாம். அவர் கண்ணாலேயே பார்த்ததால் பிறகு வாக்குவாதமும் வராது.