சம்பளம் ஏறினாலும் ஏன் பேப்பர் போடுறாங்க?



பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. நம்ம எல்லார் வாயிலயும் ஒரே கேள்விதான்: "பேக்கேஜ் எவ்ளோ?" ஆனா கம்பெனிகளுக்கு இருக்கிற கவலை வேற: "எடுத்த ஆளை எப்படித் தக்கவெச்சுக்கிறது?" அதுக்கு ஒரு கம்பெனி என்ன பதில் வெச்சிருக்குன்னு பார்த்தாலே, அங்க நம்ம வாழ்க்கை எப்படி இருக்கும்னு ஓரளவு தெரிஞ்சிடும்.

ஃபோர்டு கதை

ஊழியர்கள் விலகிப் போகும் விகிதத்தை 'அட்ரிஷன்' என்பார்கள். இது ஐ.டி. துறையோடு வந்த தலைவலி இல்லை. 1913-ல் அமெரிக்காவின் ஃபோர்டு கார் தொழிற்சாலையில் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க, அந்த வருஷம் மட்டும் ஏறக்குறைய 52,000 பேரை எடுக்க வேண்டியிருந்தது. நாள் முழுக்க ஒரே மாதிரி வேலை. சலித்துப் போய்க் கிளம்பிவிட்டார்கள். 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு தினக்கூலியை 5 டாலராக, அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்காக உயர்த்தினார். 9 மணி நேர வேலையை 8 ஆகக் குறைத்தார். ஆட்கள் நின்றார்கள். புது ஆளைத் தேடிப் பழக்கும் செலவும் மிச்சமானது.

அப்போ சம்பளம்தான் பதிலா? பாதி பதில்தான்.

ஹெர்ஸ்பெர்க் சொன்னது

'பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்' பேப்பர்ல இவரை 13 மார்க்குக்காகப் படிச்சிருப்போம். 1959-ல் வெளியான அவருடைய ஆய்வில் பேட்டி கொடுத்த சுமார் 200 பேரும் பிட்ஸ்பர்க் பகுதியின் என்ஜினீயர்கள், கணக்காளர்கள். அதாவது, நம்ம ஆளுங்க! அவர் கண்டது இதுதான்: சம்பளம், மேலாளர், வேலை செய்யும் சூழல் எல்லாம் மோசமா இருந்தா வெறுப்பு வரும். ஆனா அதெல்லாம் சரியா இருந்தாலே வேலை பிடிச்சுப்போயிடாது. பிடிக்கணும்னா சாதிச்ச உணர்வு, பாராட்டு, பொறுப்பு, வளர்ச்சி வேணும்.

இதை நம்ம தமிழ்நாட்டிலேயே பொருத்திப் பார்க்கலாம்.

1. அடிப்படை மரியாதை

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஊழியர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். சக ஊழியர்கள் சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். தொழிற்சாலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தது. ஐபோன் செய்யும் இடமே சோறும் தங்குமிடமும் சரியில்லாததால் நின்றுபோனது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைச் சிப்காட் கட்டித் திறந்தது இந்தப் பின்னணியில்தான் முக்கியமாகிறது.

2. கற்றுக்கொடுப்பது

ஜோஹோ 2005-ல் ஆறு மாணவர்களோடு ஒரு பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துச் சொல்லிக்கொடுத்து, வேலைக்கும் எடுத்துக்கொள்கிறது. தன்னை வளர்த்துவிட்ட இடத்தை விட்டுப்போக யாருக்கும் சட்டுனு மனசு வராது.

3. இருந்தவர்களுக்குப் பங்கு

கோவையின் கோவை.கோ நிறுவனம் 2022-ல் ஒரு வாக்குறுதி கொடுத்தது: மூன்று வருஷம் முடித்தால் ஆண்டுச் சம்பளத்தில் பாதி போனஸ். மொத்தம் 140 பேருக்கு 14 கோடி ரூபாய். 2025 தொடக்கத்தில் முதல் கட்டமாக 80-க்கும் மேற்பட்டோர் கையில் பணம் வந்தது. இங்க கவனிக்க வேண்டியது தொகையை மட்டுமில்ல, சொன்ன சொல் காப்பாற்றப்பட்டதையும்தான்.

4. ஊருக்குப் பக்கத்தில் வேலை

 நம்ம பக்கம் இதுதான் பெரிசு. திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல இருக்கிற எங்க கிளியனூர்ல, டிகிரி முடிச்சா சென்னை இல்லன்னா பெங்களூருன்னுதான் பேச்சு. சம்பளத்துல வாடகை, மெஸ், ஊருக்கு வந்துபோற பஸ் காசு எல்லாம் கழிச்சா மிச்சம் கொஞ்சம்தான். வீட்ல அப்பா அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னா முதல்ல யோசிக்கிறது ரிசிக்னேஷனைத்தான்.

இதைப் புரிஞ்சுக்கிட்டுத்தான் ஜோஹோ தென்காசி பக்கத்துல மத்தளம்பாறைக்கு வேலையைக் கொண்டுபோனது. எங்க வானூர் தாலுகாவிலேயே திருச்சிற்றம்பலத்தில் (தஞ்சாவூர் பக்கம் இருக்கிறது இல்லீங்க!) 2024 பிப்ரவரியில் மினி டைடல் பார்க் திறந்தாங்க. செலவு 31 கோடி, 500 பேர் வரைக்கும் வேலை செய்யலாம். ஆனா கட்டடம் மட்டும் ஆளைத் தக்கவைக்காது. உள்ளே வர்ற கம்பெனி நல்ல வேலையும் வளர்ச்சியும் கொடுத்தாத்தான் பக்கத்து ஊர்ப் பிள்ளைங்க அங்க நிப்பாங்க.

பாண்ட் பற்றி ஒரு வார்த்தை

ரெண்டு வருஷ பாண்ட் போட்டு, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையும் வாங்கி வெச்சுக்கிற இடங்கள் உண்டு. அதுக்குப் பேர் தக்கவைக்கிறது இல்ல, கட்டிப்போடுறது. மனசு முதல் மாசமே வெளியே போயிருக்கும், உடம்பு மட்டும் பஞ்ச் பண்ணிட்டு இருக்கும். ஒரிஜினலை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுத்துடாதீங்க.

இன்டர்வியூல கேளுங்க

"உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கா?"ன்னு கடைசியில கேப்பாங்க. "நோ சார்"னு எழுந்திரிக்காம, இதைக் கேளுங்க:

- போன வருஷம் சேர்ந்த ஃப்ரெஷர்ஸ்ல எத்தனை பேர் இன்னும் இருக்காங்க?
- முதல் ஆறு மாசம் எனக்கு யார் சொல்லிக்கொடுப்பாங்க?
- பேக்கேஜ்ல மாசாமாசம் கையில வர்றது எவ்ளோ?
- ஊர்ல இருந்து வேலை செய்யவோ, பக்கத்து ஆபீஸுக்கு மாறவோ வழி இருக்கா?

பெண் பிள்ளைகள் இன்னொன்றும் கேட்கலாம். 2017 சட்டத் திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகமும் வேண்டும். அது அங்கே இருக்கிறதா?

முதல் கேள்விக்கு ஹெச்.ஆர். மழுப்பினா, அங்க வேலை பார்க்கிற சீனியர் ஒருத்தருக்கு லிங்க்ட்இன்ல மெசேஜ் போடுங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி போடுங்க!