யாழ்ப்பாணத் தீவகத்தின் பழைய வரலாற்றை இணையத்தில் தேட…

● முதலில் காலத்தைப் பிரியுங்கள்: போர்த்துக்கேயர் 1619, ஒல்லாந்தர் 1658, ஆங்கிலேயர் 1795 முதல் யாழ்ப்பாணத்தை ஆண்டனர்.

● ஒல்லாந்தர் வைத்த பெயர்களாலும் தேடுங்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட், நயினாதீவு ஹார்லெம், ஊர்காவற்றுறை இருக்கும் தீவு லைடன்.

● ஊர் வரலாறுகள், மலர்கள், பழைய பத்திரிகைகளுக்கு 'நூலகம்' மின்னூலகத்தை நாடுங்கள். வாசிக்கக் கட்டணம் இல்லை.

● யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த ஒல்லாந்து மதகுரு பல்தேயஸின் 1672ஆம் ஆண்டு நூலை 'இன்டர்நெட் ஆர்கைவ்' தளத்தில் தேடலாம்.

● ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்களுக்கு நெதர்லாந்து தேசிய ஆவணக்காப்பகத் தளம் உதவும்.

● ஆள வந்தவர் எழுதியது ஒரு பக்கம்தான். படித்ததை ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லி, அவர்கள் நினைவையும் திகதியிட்டுக் குறித்து வையுங்கள்.