ஊசியின் மூடியைச் செவிலியர் ஏன் திரும்பப் பொருத்துவதில்லை?

ஊசி மருந்து செலுத்தி முடித்த செவிலியர், அதன் மூடியைத் திரும்பப் பொருத்தாமல், துளையாத வெண்ணிறப் பெட்டியில் அப்படியே போடுவதை வார்டில் பார்த்திருப்பீர்கள். மூடாமல் போட்டால் யாரையாவது குத்திவிடாதா என்று உடனிருப்போர் பலர் எங்களிடம் வினவியதுண்டு. அக்கறையிலிருந்து பிறக்கும் வினாதான். ஆயினும், மூடியைப் பொருத்த முயலும் அந்த நொடியே குத்துக்காயம் நேர ஏதுவான நொடி. ஒரு கையில் ஊசி, மறு கையில் சின்னஞ்சிறு மூடி; குறி சற்றே தவறினால் முனை விரலில் இறங்கிவிடும்.

ஹெபடைடிஸ் பி உள்ளவரின் குருதி படிந்த ஊசி, தடுப்பூசி போட்டுக்கொள்ளாத ஒருவரைக் குத்தினால், நோய் பற்றும் வாய்ப்பு 100க்கு 30 வரை செல்லக்கூடும். எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை அது 1,000க்கு ஏறத்தாழ 3. எண் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் குத்துப்பட்டவர் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள்கள் உட்கொண்டு, அதன் பின்னும் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க நேரிடலாம். அவர் செவிலியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; பையைத் தூக்கிச் செல்லும் துப்புரவுப் பணியாளராகவும் இருக்கலாம்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் நான்கு நிறங்களை வகுத்துள்ளன. குருதி தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சளுக்கு, கூர்மையானவை வெள்ளைக்கு, கண்ணாடிக் குப்பிகள் நீலத்துக்கு. டிரிப் குழாய், சிறுநீர்ப் பை, கையுறை முதலியவை சிவப்புக்குச் செல்கின்றன. சிவப்புப் பையில் உள்ளவை கிருமி நீக்கப்பட்டு, துண்டாக்கப்பட்டு, மறுசுழற்சிக்குப் போகும். அதே குழாய் தவறி மஞ்சள் பையில் விழுந்தால் எரியூட்டப்படும்; பி.வி.சி. எரியும்போது டையாக்சின் என்னும் நச்சு உண்டாகக்கூடும். தீர்ந்த குளுக்கோஸ் பாட்டிலைத் தண்ணீர் பிடிக்கக் கேட்போருக்குச் செவிலியர் மறுப்பதும் கடுமையால் அன்று.

விதி தெரியாததால் செவிலியர் தவறுகிறார் என்று நாங்கள் கருதவில்லை. பல படுக்கைகளை ஒருவரே கவனிக்கும் இரவில், பெட்டி எட்டும் தூரத்தில் இல்லையெனில், ஊசி மருந்துத் தட்டிலேயே தங்கிவிடுகிறது. பெட்டி நிரம்பி வழிந்தாலும் அப்படித்தான். முக்கால் பங்கு நிறைந்ததும் அதை மூடி மாற்ற வேண்டும். ஆகவே பயிற்சி வகுப்புகளைக் கூட்டுவதைவிடப் பெட்டியைப் படுக்கையருகே கொண்டுவருவதே மேல் என்பது எங்கள் துணிபு.

உங்கள் பங்கும் இதில் உண்டு. மருத்துவமனைக் கழிவில் ஏறத்தாழ 85 விழுக்காடு வீட்டுக் குப்பையை ஒத்ததே என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாப்பாட்டுப் பொட்டலத்தையும் பழத்தோலையும் பொதுக் குப்பைத் தொட்டியில் இடுங்கள். குருதி பட்ட ஒரு பஞ்சு அதில் விழுந்தால் தொட்டி முழுவதும் தொற்றுக் கழிவாகிவிடும். வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்வோர் ஊசிகளைக் கெட்டியான, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வையுங்கள். அதை எங்கே ஒப்படைப்பது என்று அடுத்த முறை வரும்போது செவிலியரிடம் கேளுங்கள்.

படுக்கை விரிப்பில் ஊசி கிடக்கக் கண்டால் கையால் எடுக்காமல் செவிலியரை அழையுங்கள். குத்திவிட்டால் காயத்தைப் பிதுக்காமல் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, உடனே சொல்லுங்கள்.