ஆவடியிலிருந்து ஒருநாள் சென்னை

நம் வகுப்பில் பூந்தமல்லி, திருமுல்லைவாயில், பட்டாபிராம் முதலிய ஊர்களிலிருந்து வருவோர் பலர். அவர்களுள் எழும்பூர் அருங்காட்சியகத்தைக் கண்டவர் எத்தனை பேர்? சென்ற ஆண்டு நாங்கள் அறுவர் சென்று, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினோம். அன்று வெள்ளிக்கிழமை, அங்கு வார விடுமுறை. விசாரியாமற் போனது எங்கள் தவறே. உடன்வந்த நண்பர் ஒருவர் ஒருநாள் கூலியை இழந்து வந்திருந்தார்! அதனாலேயே இக்கட்டுரை.

சொந்த வண்டி வேண்டியதில்லை. தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி, 1856 ஜூலை 1 அன்று, இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு நம் ஆவடி வழியாகத்தான் சென்றது. பூந்தமல்லி நண்பர்கள் பேருந்தில் ஆவடி வந்து சேரலாம்.

கடற்கரை நிலையம் செல்லும் வண்டியை விடுத்து, சென்ட்ரல் வண்டியில் ஏறுக. இறங்குமிடம் மூர் மார்க்கெட் வளாகம். பழைய புத்தகங்களுக்குப் பேர்பெற்ற அந்த அங்காடி 1985இல் தீக்கிரையாயிற்று. எதிரேயுள்ள பூங்கா நிலையத்திலிருந்து எழும்பூர் அடுத்த நிறுத்தமே.

1851இல் தோன்றிய அருங்காட்சியகத்துக்கு முற்பகல் முழுவதையும் ஒதுக்குக. அமராவதிச் சிற்பங்களைக் கண்டபின் செப்புத் திருமேனிகளிடம் நிற்க. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் புகைப்படத்தில் மட்டுமே கண்டு வியந்தெழுதிய திருவாலங்காட்டு நடராசர் அங்குள்ளார். திருவாலங்காடு, நம் அரக்கோணம் பாதையிலுள்ள நிலையந்தான்!

மாலையில் பூங்கா நகரிலிருந்து பறக்கும் இரயிலில் சேப்பாக்கம். அங்கிருந்து மெரினாவுக்கு நடைதான். மயிலைக் கோயிலை இதில் சேர்க்கவில்லை. நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும்.

இம்முறை நாங்கள் தேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை. அந்த நண்பருக்கும் அன்று வேலையில்லை.